நடு மேட்டில் இரண்டு கல்

செல்லமுத்து கல்லை முகம் பார்த்து அடையாளம் சொல்வார். மலைமேல், ஆலத்தூர் நாட்டில் சரிவாகக் கிடக்கிற விவசாயக் காடுகளில் மண் இறங்காமல் இருக்கக் கல்கட்டுப் போடுவது அவர் வேலை. சாந்து கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. கல்லின் மேல் கல் தானாக உட்கார வேண்டும். ஐப்பசி மழையில் பிதுங்கிப்போன கட்டைப் பிரித்து, நூறு கல்லைக் காட்டில் பரப்பிப் போட்டிருப்பார். மறுநாள் காலையில் வந்து, எது எந்த வரிசையில் எதற்குப் பக்கத்தில் இருந்ததோ, அங்கேயே ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். கரித்துண்டால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டால் சுலபம்தானே என்று யாராவது கேட்டால், "ஆடு மேய்க்கறவன் ஆட்டுக்கு நம்பரா போட்டு வெச்சிருக்கான்? மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா?" என்பார்.

அந்த நம்பிக்கையில்தான் அவர் மால்டா தீவில், எண்பது வருஷத்துக்கு முந்தைய சண்டையில் செத்துப்போன ஆறு பேரின் பெயரை இடம் மாற்றி வைத்தார்.

அவர் அங்கே போனது 2018-ல். நாற்பத்தெட்டு வயது. இரண்டு வருஷம் அடுத்தடுத்து மிளகுக்கொடி வாடிப்போய், சில்வர் ஓக் மரங்கள் மட்டும் காட்டில் மொட்டையாக நின்றன. சேலத்திலிருந்து வந்த ஏஜெண்டு, "அந்தத் தீவு பூராவும் கல்லுதானுங்க, உங்களை மாதிரி ஆளுக்குத்தான் அங்க வேலை" என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை. தேன் நிறத்தில் கல், எங்கே பார்த்தாலும். ஆறு மாதம் வீடு கட்டுகிற இடத்தில் சுமந்தார். பிறகு ஒப்பந்தக்காரர் அவரைக் கடலோரமாக இருந்த ஒரு கல்லறைத் தோட்டத்துக்கு அனுப்பினார். போரில் செத்த சிப்பாய்களும் மாலுமிகளும் விமானக்காரர்களும் அங்கே படுத்திருந்தார்கள். புல் வெட்ட வேண்டும், அரளிச் செடிகளைக் கத்தரிக்க வேண்டும், கல்லைத் தண்ணீர் விட்டு மெல்லிய பிரஷ்ஷால் கழுவ வேண்டும். மேற்பார்வை பார்த்தவர் கர்மேனு என்கிற அந்த ஊர்க்காரர். செல்லமுத்துவுக்கு இங்கிலீஷில் எழுத்துக்கூடத் தெரியாது. கர்மேனு கையைக் காட்டுவார், இவர் செய்வார். கட்டை விரலைத் தூக்கி "ஓகே?" என்பார், இவரும் "ஓகே" என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

தினமும் வேலை முடிந்ததும் வீட்டுக்கு வீடியோ கால் பேசுவார். மகள் சுமித்ராவின் போனை வாங்கிக்கொண்டு நாமகிரி வாசலுக்கு வந்து சிக்னல் பார்த்து நிற்பாள். நாமகிரி குட்டையான பொம்பளை. வாய் மட்டும் குட்டை இல்லை. பச்சை மிளகாய் கடிக்காமல் அவளுக்கு ராகிக் களி இறங்காது. கல்யாண விருந்துக்குப் போனால்கூட மடியில் ஒரு மிளகாய் முடிந்துகொண்டு போவாள். போனில் பேசும்போதும் எதையாவது கடித்துக்கொண்டுதான் இருப்பாள்.

"ஒரு கல்லுல மூணு மூணு பேரா எழுதியிருக்குது?" என்று ஒருநாள் கேட்டாள்.

"இங்க மண்ணே இல்ல நாமகிரி. ஒரு முழம் தோண்டுனாப் பாறை. பாறைய வெட்டித்தான் பொதைக்கோணும். சண்ட நேரத்துல எத்தன குழிதான் வெட்டுவாங்க? ஒரு குழிக்கு மூணு பேரு, நாலு பேரு."

"முன்னப்பின்னத் தெரியாத ஆளுகள ஒண்ணாப் போட்டுட்டாங்களா?"

"ஆமா."

"அட கெரகமே. ஒத்தையா ஒரு கல்லுக்குக்கூடக் குடுத்து வெக்கல பாருங்க."

அவர்கள் ஊரில் அப்படி இல்லை. அங்கே செத்தவர்களைப் புதைத்து, மூன்றாம் நாள் வீட்டுக்காரர்கள் தங்கள் காட்டு வரப்பிலிருந்து ஒரு கல்லைத் தூக்கிப் போய்த் தலைமாட்டில் நடுவார்கள். பெயர் எழுதும் பழக்கம் இல்லை. எந்தக் காட்டுக் கல் என்று பார்த்தாலே ஊருக்குத் தெரியும். எந்தக் காட்டுக் கல் நிற்கிறதோ, அது அந்த வீட்டுப் பிணம். வருஷா வருஷம் அதற்குச் சோறு போட வேண்டியதும் அந்த வீடுதான்.

அந்த வருஷம் மார்கழியில் தீவில் புயல் மழை பெய்தது. ஏழாவது வரிசையில் அடிமண் கரைந்து ஆறு கற்கள் சாய்ந்துவிட்டன. தூக்கி, அடியில் மணலும் சுண்ணாம்பும் போட்டு, ரசமட்டம் வைத்துத் திரும்ப உட்கார வைக்க வேண்டும். செல்லமுத்துவும் இன்னொரு ஆளும் சேர்ந்து ஆறையும் பெயர்த்துச் சுவரோரம் வரிசையாகச் சாத்தினார்கள். மறுபடி மழை பிடித்துக்கொண்டது. வண்டி வர வழி வேண்டுமென்று அந்த இன்னொரு ஆள் கற்களைக் கொட்டகைக்குள் மாற்றி வைத்தான். வரிசை கலைந்தது. செல்லமுத்து அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முகம் பார்த்தால் தெரியாதா?

மறுநாள் பார்த்தார். ஒன்றில் மூலை உடைந்திருந்தது, அது முதல் கல். ஒன்றின் வயிற்றில் சங்கு ஒன்று புதைந்திருந்தது, அது கடைசி. ஒன்றில் துருக்கறை. ஒன்று மழையில் மற்றவற்றைவிட மஞ்சளாகும். நான்கு முடிந்தது. மீதி இரண்டும் ஒரே மிஷினில் அறுத்த கற்கள். ஒரே நீளம், ஒரே நிறம், கழுவிக் கழுவி ஒரே வழவழப்பு. தடவிப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார், வெளிச்சத்துக்குத் திருப்பினார். அந்த இரண்டுக்கும் முகம் இல்லை. மூன்று மூன்று பெயராக எழுத்து மட்டும்தான் இருந்தது.

கர்மேனுவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். முப்பது வருஷமாகக் கல் தொட்ட ஆளுக்குக் கேட்க வாய் வரவில்லை. கை போன போக்கில் வைத்தார். கர்மேனு குனிந்து மட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு, "ஓகே?" என்றார்.

"ஓகே."

மூன்று வாரம் கழித்து, வீடியோ காலில் அந்த வரிசையைக் காட்டிக்கொண்டே நடந்தபோது, "நில்லுங்க, நில்லுங்க" என்றாள் நாமகிரி. "அரளிச் செடியிலிருந்து மூணாவது கல்லுல ஏணி மாதிரி ஒரு எழுத்து மொதல்ல இருந்துச்சு. இப்ப நாலாவதுல இருக்குது."

"உளறாத."

"நீங்க இந்தத் தோட்டத்துக்குப் போன புதுசுல அனுப்புன போட்டோ இதுலயே இருக்குது. அனுப்பட்டுமா?"

அனுப்பினாள். அவள் சொன்னது சரி. இவரைப் போலவே அவளுக்கும் அந்த எழுத்து படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு தடவை பார்த்த உருவம் அவள் கண்ணை விட்டுப் போகாது.

"அந்தாளுகிட்டச் சொல்லிப்போடுங்க. கல்ல மாத்தி வெக்க எத்தன நேரமாவும்?"

"நாளைக்குச் சொல்றேன்."

அவருடைய விசா அந்த ஒப்பந்தக்காரரின் கையில் இருந்தது. தப்புச் செய்தவனை அனுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கொண்டுவர அவருக்கு ஒரு வாரம் ஆகாது. நாளைக்கு என்பது அடுத்த வாரமாயிற்று. நாமகிரி முதலில் தினமும் கேட்டாள், பிறகு வாரம் ஒருமுறை கேட்டாள். பிறகு கேட்காமல், போனில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அது கேட்பதைவிட மோசம்.

சித்திரையில் வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி வந்தாள். வருஷம் தவறாமல் வருகிறவளாம். மடக்கு நாற்காலியை அரளிச் செடிப் பக்கம் கொண்டுபோய், கல்லைப் பார்த்து, தடுமாறி, இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். பெயர் எந்தக் கல்லில் இருந்ததோ அதன் முன்னால் போட்டு உட்கார்ந்தாள். கைக்குட்டையால் ஒரு பெயரை மட்டும் துடைத்தாள். காகிதத்தில் செய்த சிவப்புப் பூ ஒன்றை வைத்தாள். அவளுடைய சித்தப்பாவோ மாமாவோ அவள் காலடியில் இல்லை, இரண்டு முழம் தள்ளிப் படுத்திருந்தார். போகும்போது செல்லமுத்துவிடம் வந்து, கல் சுத்தமாக இருப்பதற்கு நெஞ்சில் கை வைத்து நன்றி சொல்லி, ஒரு பிஸ்கட் பொட்டலம் கொடுத்தாள். அதை அவர் பிரிக்கவே இல்லை. கூட இருந்த ஆள் தின்றுவிட்டான்.

அடுத்த வருஷம் உலகம் பூராவும் தொற்றுநோய் வந்து தோட்டத்தைப் பூட்டிவிட்டார்கள். அதற்கடுத்த வருஷம் மே மாதம் நாமகிரிக்குக் காய்ச்சல். மலைப்பாதையின் எழுபது வளைவும் இறக்கிக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பதினோராம் நாள் செத்துப்போனாள். விமானம் ஓடவில்லை. சுமித்ராவுக்கும் காய்ச்சல் என்று வீட்டைச் சுற்றித் தகரம் அடித்துவிட்டார்கள். தகரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு அவள் போனில் அழுதாள், தீவில் ஒரு தகரக் கொட்டகைக்குள் இவர் அழுதார்.

அதே நாளில் அதே ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று உடல்கள் ஒரே வேனில் மலைக்கு வந்தன. நாமகிரி ஒன்று. பக்கத்து ஊர்க் குழந்தைசாமியின் தம்பி யுவராஜ் ஒன்று. முப்பத்துநாலு வயது, மினி லாரி ஓட்டியவன். மூன்றாவது, வாசலூர்பட்டி படகுத்துறைக்குப் போகிற வழியில் டீக்கடை வைத்திருந்த வெள்ளியங்கிரி. அவர் மலையடிவாரத்துச் சமவெளிக்காரர், அவருடைய ஆட்கள் யாரும் வரவில்லை. வழக்கமான இடுகாட்டில் வைக்க ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. ரோட்டுக்குக் கீழே புறம்போக்குச் சரிவில் ஜேசிபி வந்து மூன்று குழி எடுத்தது. ஊராட்சியில் தண்ணீர்த் தொட்டி பார்க்கிற சென்றாயனும், வேனில் வந்த இரண்டு பேரும் சேர்ந்து இறக்கினார்கள்.

பதினேழாம் நாள் தகரத்தைப் பிரித்ததும் சுமித்ரா வரப்பிலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்துத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். மூன்று மேடும் ஒன்றுபோல இருந்தன. ரோட்டிலேயே நின்ற சென்றாயன், "நடுவுல சாமி" என்று கையைக் காட்டினார். நடு மேட்டில் நட்டாள்.

கார்த்திகையில் செல்லமுத்து ஊர் திரும்பினார். விமானம் ஏற ஆறு மணி நேரம் இருக்கும்போதுகூட ஏழாவது வரிசையைப் போய்ப் பார்த்தார். கர்மேனு தோளைத் தட்டி வழியனுப்பினார். அப்போதும் வாய் திறக்கவில்லை.

முதல் வருஷச் சோற்றுக்கு இலையும் சாமைச் சோறுமாக நடு மேட்டுக்குப் போனபோது, குழந்தைசாமி தனக்கு முன்னால் வந்து நிற்பதைப் பார்த்தார். கூட அவன் அம்மா ருக்குமணி. தலைமாட்டில் சுமித்ரா நட்ட கல்லை ஒட்டி இன்னொரு கல், ஈர மண்ணோடு, புதிதாக நின்றது. குழந்தைசாமி வீட்டிலும் எல்லோரும் படுத்துக் கிடந்தார்கள். ஒரு வருஷம் கழித்து இப்போதுதான் கல் கொண்டுவந்திருக்கிறார்கள்.

"மாமா, எந்தம்பி தலைமாட்டுல யாரோ கல்லு நட்டிருக்காங்க. உங்க காட்டுக் கல்லாட்டம் இருக்குது."

"எங்க காட்டுக் கல்லேதான். எம்பொண்ணு நட்டது. இது உங்க அத்தை, மாப்ள."

"சென்றாயண்ணன் எங்கிட்ட நடு மேடுன்னாருங்க."

"எங்களுக்கும் அவன்தான் சொன்னான்."

குழந்தைசாமிக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "அப்ப ரெண்டு பேரும் ஒரே குழியிலயா குடித்தனம் பண்றாங்க?"

சொன்ன வாய் மூடுவதற்குள் செல்லமுத்து அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். சோற்றுப் பாத்திரம் சரிவில் உருண்டது. ருக்குமணி மேட்டின் மேல் குப்புற விழுந்து, இரண்டு கல்லையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு கத்தினாள்.

அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. வருஷ நாளில் காலையில் அவர்கள், மதியத்துக்கு மேல் இவர்கள். காலையில் போட்ட இலையை ஓரமாகத் தள்ளிவிட்டு இவர் தன் இலையைப் போடுவார். இடது பக்க மேட்டிலும் வலது பக்க மேட்டிலும் புல் முளைத்தது. சென்றாயனோ, செல்லமுத்து வருகிற பாதையில் நடப்பதையே விட்டுவிட்டார்.

இந்த வருஷம் சுமித்ராவுக்குக் கல்யாணம் முடிவாயிற்று. செம்மேட்டில் அவள் வேலை பார்க்கிற ஜெராக்ஸ் கடையிலேயே பத்திரிகை அச்சடித்தார்கள். கட்டு வீட்டுக்கு வந்த அன்று அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் பத்திரிகை வீட்டில் செத்தவர்களின் கல்லில் வைக்க வேண்டும். அப்புறம்தான் உயிரோடு இருப்பவர்களுக்கு.

"அப்பா, நான் எங்க கொண்டுபோய் வெக்கறது?"

அவர் கட்டிலிருந்து ஒரு பத்திரிகையை உருவி, திருப்பிப் பார்த்து, மறுபடி செருகினார்.

"அம்மான்னு நெனச்சு அந்த யுவராஜண்ணன் தலையில வெச்சுட்டு வரட்டுமா? இல்ல, மூணு வருஷமா அம்மா பட்டினியாக் கெடக்குதுன்னா?"

மறுநாள் காலை செல்லமுத்து தண்ணீர்த் தொட்டிக்குப் போனார். கையில் கடப்பாரை. வரப்பு வேலைக்குப் போகிற வழி என்றுதான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சென்றாயன் வால்வைத் திருகிக்கொண்டிருந்தார், ஓட இடம் இல்லை.

"எந்த மேடு, சென்றாயா?"

"அதான் அன்னைக்கே..."

"அன்னைக்கு நீ ரெண்டு பேருக்குச் சொன்ன. நான் இன்னைக்கு ஒருத்தன் கேக்கறேன்."

சென்றாயன் வால்வை விட்டுவிட்டுக் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தெரியாதுங்கண்ணா."

"என்ன தெரியாது?"

"எதுல எது எறக்குனோம்னு தெரியாதுங்க. மூணும் வெள்ளப் பை. காயிதத்துல பேரெழுதி ஒட்டியிருந்தாங்க, மேல வரதுக்குள்ள மழையில மை ஓடிப்போச்சு. எனக்கு அந்தத் தலையோட மூடுற பிளாஸ்டிக் உடுப்பப் போட்டு உட்டாங்க, கண்ணாடியெல்லாம் ஆவி. வேன்காரன் சீக்கிரம் சீக்கிரம்னு ஹாரன் அடிக்கறான்."

"அவ குட்டையான பொம்பளைடா. தூக்குனாத் தெரியாதா?"

"பையில கட்டிட்டா எல்லாம் ஒண்ணுதாங்க. நான் ஒடம்பத் தொடவே இல்லீங்கண்ணா. கயித்தத்தான் புடிச்சேன்."

"தெரியலைன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"எப்படிங்க சொல்றது?" சென்றாயனின் குரல் உயர்ந்தது. "உங்க பொண்ணு கல்லத் தூக்கித் தலையில வெச்சுக்கிட்டு வந்து நிக்குது. கழுத்து ஆடுது. தெரியாது சாமின்னா அது எந்த மேட்டு மேல உழுந்து அழுவும்? வாயில வந்தது நடு. ஒரு வருசங்கழிச்சுக் குழந்தைசாமி போன்ல கேட்டான். உங்களுக்கு என்ன சொன்னேன்னே நெனப்பில்ல. அப்பவும் வாயில வந்தது நடுதான். அடிக்கறதுன்னா அடிச்சுப்போடுங்க. மூணு வருசமாச் சோறு எறங்கல."

செல்லமுத்து அவரை அடிக்கத்தான் வந்தார். ஆனால் கண்ணுக்கு முன்னால் கர்மேனுவின் கட்டை விரல் வந்து நின்றது. சென்றாயனாவது மழையில், கண்ணாடி மூடிய கண்ணோடு, அழுகிற ஒரு பெண்ணுக்காகச் சொன்னார். தான் நல்ல வெயிலில், இரண்டு கல்லையும் தடவிப் பார்த்த பிறகு, கேட்க வெட்கப்பட்டு "ஓகே" சொன்னவர்.

தொட்டிச் சுவரில் உட்கார்ந்தார். தொட்டி நிரம்பி வழிந்தது. இரண்டு பேரும் வால்வை மூடவில்லை.

அன்றைக்கு வேலைக்குப் போகாமல் திரும்பி வந்து, "கண்ணு, போனை எடு. இங்கிலீசுல எழுதோணும்" என்றார். கர்மேனுவின் நம்பர் பழைய போனில் இருந்தது. ஏழாவது வரிசை, அரளிச் செடியிலிருந்து மூன்றும் நான்கும், மாற்றி வைத்தது நான்தான், அந்தக் கிழவியம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, சுமித்ரா நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மாவுக்கு இது தெரியுமாப்பா?"

"அவதான் கண்டுபுடிச்சா."

"என்ன சொல்லுச்சு?"

"சொல்லிப்போடுங்கன்னா."

சுமித்ரா அதற்குமேல் கேட்காமல் எழுதி முடித்தாள்.

நாலாம் நாள் பதில் வந்தது. கூடவே ஒரு போட்டோ. அரளிச் செடியிலிருந்து மூன்றாவது கல்லில் ஏணி எழுத்து நின்றது. சுமித்ரா படித்துச் சொன்னாள். அவர் ஊருக்கு வந்த மறு வருஷம் ஆய்வுக்கு ஆட்கள் வந்தார்களாம். எந்த வரிசை, எத்தனையாவது குழி, உள்ளே யார் யார் என்று எல்லாவற்றுக்கும் பதிவேடு இருக்கிறதாம். அதை வைத்து ஒவ்வொரு கல்லாகச் சரிபார்த்து, இரண்டு மாறியிருந்ததை அரை மணி நேரத்தில் மாற்றி வைத்துவிட்டார்களாம். யார் செய்தது என்று கேட்டதற்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன் என்று கர்மேனு எழுதியிருந்தார்.

"அந்தம்மா?"

"போன வருசம் வந்துச்சாம். நாற்காலியப் பழைய எடத்துக்கு நகத்திப் போட்டுக்கிட்டு, தனக்கு வயசாயிருச்சு, நடுவுல எடம் மறந்துபோச்சுன்னு சொல்லிச் சிரிச்சுச்சாம். இவங்க யாரும் ஒண்ணும் சொல்லலையாம்."

செல்லமுத்து போட்டோவை விரலால் பெரிதாக்கி ஏணி எழுத்தைப் பார்த்தார்.

"எண்பது வருசமா அந்தப் பொஸ்தகத்த வெச்சிருக்காங்களா?"

"வெச்சிருக்காங்களாம்ப்பா."

"குண்டு உழுந்துட்டு இருக்கறப்பவும் எழுதியிருக்காங்க."

ஊராட்சி அலுவலகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சுமித்ராவுக்குத் தெரியும். இறப்புச் சான்று எழுதி வாங்கப் போனவள் அவள்தான். மூன்று பெயர், ஒரே தேதி, எதிரே "அடக்கம் செய்யப்பட்டது" என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

அடுத்த நாள் செல்லமுத்து குழந்தைசாமியின் வீட்டுக்குப் போனார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு. குழந்தைசாமி குச்சிக்கிழங்கு மூட்டை தைத்துக்கொண்டிருந்தவன், கோணி ஊசியோடு எழுந்து வந்தான். உள்ளே ருக்குமணி இருமுகிற சத்தம் கேட்டது. வேலியோரமாக நின்றே சென்றாயன் சொன்னது முழுவதையும் சொன்னார்.

குழந்தைசாமி ஊசியைக் கோணியில் குத்தி, எடுத்து, மறுபடி குத்தினான்.

"எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க மாமா. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நடந்து போயி அந்தக் கல்லப் புடிச்சுக்கிட்டுத்தான் எந்திரிக்குது. அதுவும் இல்லைன்னா உழுந்துரும்."

"சொல்லல. உங்க கல்லு அங்கயே இருக்கட்டும்."

"அப்ப உங்களுது? புடுங்கப் போறீங்களா?"

"புடுங்கி எங்க நடுவேன்? இன்னும் ரெண்டு கொண்டாறேன். பக்கத்துக்கு ஒண்ணு."

குழந்தைசாமிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "ஒருத்தங்க காட்டுக் கல்ல நட்டா அது அவங்க ஊட்டுப் பொணமுங்க. எந்தம்பிய உங்க ஊட்டுல சேத்துக்கறீங்களா?"

"மூணுல ஒண்ணு எம்பட பொண்டாட்டி. எதுன்னு தெரியாதப்ப மூணும் எங்க ஊட்டுதுதான்."

"அந்த டீக்கடைக்காரருமா?" அவனுக்குப் பழைய நக்கல் வந்தது. "அவரு உயிரோட இருக்கறப்ப நீங்க காசு குடுக்காம ஒரு டீ குடிச்சிருப்பீங்களா?"

"சக்கரை கம்மியாப் போடுவான், சண்டை போட்டிருக்கேன்" என்றார் செல்லமுத்து.

குழந்தைசாமி சிரிக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

தன் காட்டு மேல்வரப்பில், சுமித்ரா எடுத்த பள்ளத்துக்குப் பக்கத்திலிருந்தே இரண்டு கல்லைப் பெயர்த்தார். அவர் இருபது வயதில் கட்டிய கட்டு. மூன்று கல் போனதும் மேல்வரிசை லேசாக முன்னால் சாய்ந்தது. அதைச் சரிசெய்யவில்லை. ஒன்றைக் காலையில் தோளில் போட்டுக்கொண்டு போனார், ஒன்றை மதியம். கிழக்கு மேட்டிலும் மேற்கு மேட்டிலும் புல்லைச் செதுக்கி, தலைமாட்டில் குழி பறித்து, கல்லின் கனமான பக்கம் கீழே வரும்படி இறக்கி, கடப்பாரைப் பின்புறத்தால் மண்ணை இடித்தார். பழக்கத்தில் கல்லின் முகத்தை ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டார்.

வருஷ நாள் அன்று அவரும் சுமித்ராவும் வந்தார்கள். குழந்தைசாமி வீட்டு இலை ஏற்கெனவே நடு மேட்டில் இருந்தது. அதை இந்தத் தடவை அவர் தள்ளிவிடவில்லை. ரோட்டு மேலே குழந்தைசாமி பைக்கை நிறுத்திவிட்டு நின்றான், இறங்கி வரவில்லை.

சுமித்ரா மஞ்சள் தடவிய மூன்று பத்திரிகைகளைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று கல்லையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மொதல் பத்திரிகை அம்மாவுக்கு வெக்கோணும். எதுல மொதல்ல வெக்கறதுப்பா?"

"கெழக்கால இருந்து வை, சாமி."

"அங்க அம்மா இல்லைன்னா?"

"இல்லைன்னா இல்ல. வை."

அவள் வைத்தாள். காற்றுக்குப் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் சின்னக் கல் ஏற்றினாள். அழுவதற்கு எந்த மேட்டுப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல், ரோட்டுப் பக்கம் திரும்பி நின்று அழுதாள்.

செல்லமுத்து மூன்று இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தார். சாமைச் சோறு, ராகிக் களி, அவரைக்காய்ப் பொரியல். மூன்றிலும் ஒரே அளவு. யுவராஜ் என்ன விரும்பித் தின்பான் என்று அவருக்குத் தெரியாது. டீக்கடைக்காரருக்குக் காரம் ஆகுமா என்றும் தெரியாது. மடியிலிருந்து பச்சை மிளகாயை எடுத்து, ஒவ்வொரு இலையிலும் களிக்குப் பக்கத்தில் ஒன்று வைத்தார்.